ஓட்டு வீட்டை விற்கும் முன் டைல்ஸ் போடலாமா?

கேள்வி: செங்கோட்டையில் அப்பா, அம்மா வாழ்ந்த ஓட்டு வீட்டை விற்கப் பார்க்கிறோம். வருகிறவர்கள் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. மேற்குச் சுவரில் ஓதம். டைல்ஸ் போட்டுப் பெயிண்ட் அடித்தால் விலை கூடும் என்கிறார் அண்ணன். செலவு செய்யலாமா?

பதில்: சகோதரி, டைல்ஸ் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவு செய்யுங்கள்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஆனி, ஆடியில் உங்கள் மேற்குச் சுவரைத்தான் அடிக்கும், அதோடு மேலே இரண்டு ஓடு விரிசல் விட்டிருந்தால் சுவர் எப்படிக் காயும்? ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாளிலேயே கொப்பளித்து, உப்புப் பூத்து, உரிந்து விழும். கேரளத்துப் புனலூர் பக்கமிருந்து வீடு பார்க்க வருகிறவர்கள் மழையோடு வாழ்கிறவர்கள், வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், கைமரத்தைத் தட்டிப் பார்த்துக் கரையான் அரித்ததை எடுத்துவிடுங்கள். சுவருக்குப் பெயிண்ட் தை, மாசியில், நன்றாகக் காய்ந்த பிறகு போதும். பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுண்ணாம்பே அடியுங்கள், ஈரம் வெளியேற வழி இருக்கும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் ஓதத்தை மறைக்காதீர்கள், இன்னது சரிசெய்தோம், இன்னது பாக்கி என்று சொல்லியே விலை பேசுங்கள்.

சிவப்பு சிமெண்ட் தரையை உடைத்துவிடாதீர்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும், அந்தப் பளபளப்புக்காகவே வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

ஆட்கள் நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இருட்டும் பூட்டிக் கிடந்த வாசனையும்தான். பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, மேலே இரண்டு கண்ணாடி ஓடு போடுங்கள், வீடே மாறிவிடும். பாத்திரம் கழுவும் அங்கணக்குழியைக் கழுவிவிடுங்கள், ஜன்னல்களைத் தினமும் காலையில் திறந்து வைக்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். மச்சில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கிவிடுங்கள். அப்பா, அம்மா படத்தைக் கழற்றுவது கஷ்டம்தான், தெரியும். ஆனால் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று யாரும் தன் கட்டிலை எங்கே போடலாம் என்று யோசிக்க மாட்டார்கள். வேறு யாராவது கழற்றுவதற்கு முன், நீங்களே போய் எடுத்து வந்துவிடுங்கள்.

அப்புறம் காகிதங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள், வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் தமிழில் மொழிபெயர்த்துத் தயாராக வையுங்கள், வக்கீல் கேட்கும்போது ஓட வேண்டாம்.

ஓடு மாற்றி முடிந்ததும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மழை பெய்கிற அன்றைக்கே ஆளைக் கூட்டி வரச் சொல்லித் தரகரிடம் சொல்லுங்கள்.