குடல் பாக்டீரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா? சாட்ஸ்வர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு மதிப்பெண் பெறக்கூடிய தங்கள் மகள், குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை, அதாவது ஓர் உயிரின் முழு மரபுத் தகவலை, ஒப்பிடும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், இதற்கு டர்பனில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்ற கவலை தங்களை விடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. ஆனால் துறையின் பெயரை விட, எந்தப் பட்டத்தின் வழியாக அவர் அதற்குள் நுழைகிறார் என்பதே வேலையைத் தீர்மானிக்கும்.

முதலில் அந்தப் படிப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் தீங்கற்ற ஆய்வக வகையான கே-12இன் மரபணுத்தொகுதி 1997இல் முழுமையாக வெளியானது. அதில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) இருந்தன. இரத்தத்துடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஓ157:எச்7 வகையின் தொகுதி 2001இல் வெளியானபோது, அது சுமார் 55 லட்சம் இணைகள் கொண்டதாகவும், கே-12இல் இல்லாத 1,300க்கும் மேற்பட்ட மரபணுக்களை உடையதாகவும் இருந்தது. மறு ஆண்டு சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் இன்னொரு வகையையும் சேர்த்து ஒப்பிட்டவர்கள், மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் ஏறத்தாழ 39 விழுக்காடுதான் என்று கண்டனர். சேர்ந்தவை மட்டுமல்ல, இழந்தவையும் பேசுகின்றன: மனிதரை மட்டுமே தாக்கும் டைஃபாய்டுக் கிருமியில் 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் சிதைந்து செயலற்றுக் கிடக்கின்றன, பல விலங்குகளிலும் வாழக்கூடிய அதன் நெருங்கிய உறவான சால்மொனெல்லா டைஃபிமியூரியத்தில் அத்தகையவை மிகக் குறைவு. இந்த வேறுபாடுகளில் தங்கள் மகளுக்கு ஆர்வம் பிறந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இதன் பயனை நம் தென்னாப்பிரிக்காவே நேரில் பார்த்திருக்கிறது. 2017–18இல் பரவிய லிஸ்டீரியா நோய் 1,000க்கும் மேற்பட்டோரைப் பாதித்து, 200க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோது, நோயாளிகளிடமும் உணவுத் தொழிற்சாலையிலும் எடுத்த கிருமிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டுத்தான் போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சியே காரணம் என்று உறுதி செய்தார்கள். (லிஸ்டீரியா, ஈ. கோலையின் உறவு அல்ல. ஆயினும் ஒப்பிடும் முறை ஒன்றுதான்.) தேசியத் தொற்றுநோய் நிறுவனம், அரசின் ஆய்வகச் சேவை, உணவு, நீர்ப் பரிசோதனைக் கூடங்கள், டர்பனிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2017இல் தொடங்கிய கிரிஸ்ப் என்னும் மரபணு ஆய்வு மையம் ஆகிய இடங்களில் இத்திறனுக்குத் தேவை உண்டு. பணியிடங்கள் ஏராளம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது இதுதான்: மூன்றாண்டு பிஎஸ்சி முடித்தவர், அப்பட்டத்தை மட்டும் கொண்டு மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ மன்றத்தில் பதிவு பெற முடியாது, பதிவின்றி மருத்துவ ஆய்வகத்தில் நோயாளியின் மாதிரியைப் பரிசோதித்து முடிவு வழங்கும் பணி கிடைக்காது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு மருத்துவ ஆய்வக அறிவியல் பட்டம் அந்தப் பதிவை நோக்கியே அமைந்தது. சம்பளம் விரைவில் தேவைப்படும் குடும்பத்துக்கு அதையே நான் சொல்வேன். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பிஎஸ்சி, அதன்பின் ஓராண்டு ஆனர்ஸ், பெரும்பாலும் முதுகலையும் தேவை. அவ்வழியில் செல்பவர் இரண்டாம் ஆண்டிலேயே புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கற்க வேண்டும், ஏனெனில் ஒப்பீட்டு வேலையின் பெரும்பகுதி கணினியில்தான் நடக்கிறது. அத்திறன் கைவசம் இருந்தால், பாக்டீரியா தொடர்பான இடம் கிடைக்காத காலத்திலும் தரவுப் பகுப்பாய்வில் பிழைத்துக்கொள்ளலாம்.

அவர் பள்ளியில் கணிதத்தைக் கைவிட்டுக் அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் கணித எழுத்தறிவுப் பாடத்துக்கு மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் அறிவியல் பட்டத்துக்கான வாயில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். செலவைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் முதல் பட்டத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி கேட்கலாம்; ஆனர்ஸ் ஆண்டுக்கு அது பொதுவாக நீளாது என்பதால், தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெறும் மைய விண்ணப்ப அலுவலகத்தின் படிவத்தில் மருத்துவம், ஆய்வக அறிவியல், பிஎஸ்சி மூன்றையுமே விருப்ப வரிசையில் குறிக்கலாம். அந்த வரிசையைத் தங்கள் மகளே எழுதட்டும். எழுதியபின் என்னிடம் அனுப்பினால், அவருடைய மதிப்பெண்களோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.