பார்லி இல்லாத கருநிற பீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்குக் கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாது. கேழ்வரகில் கருநிற பீர் வீட்டிலேயே காய்ச்சலாமா? (திருமங்கலம் வாசகர்)

கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கென்றாலும் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். முளைகட்டி வறுத்த கேழ்வரகைக் காய்ச்சிப் புளிக்கவிடாமல் குடியுங்கள். அந்தக் கருநிறமும் லேசான கசப்பும் அதிலேயே கிடைக்கும்.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஊரிலிருந்து கொண்டுபோன சோளத்தையும் கேழ்வரகையும் முளைகட்டி, பார்லிக்குச் சொல்வதுபோல் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தான். கஞ்சியாகிவிட்டது, இனிப்பே இறங்கவில்லை. (உசிலம்பட்டி வாசகி)

அங்கே 1963 முதல் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. ஆகவே தாராளமாகச் சொல்கிறேன். தானியத்தில் குறையில்லை, முறைதான் பொருந்தவில்லை. பார்லியின் மாவுச்சத்து 65 டிகிரியிலேயே இளகிவிடும். சோளத்துக்கு 70-க்கு மேல் வேண்டும். ஆனால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழக்கத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே சூட்டில் சாதிக்க முடியாது.

நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, 50 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் கலக்கி வைத்து, தெளியவிடச் சொல்லுங்கள். மேலே நிற்கும் தெளிநீரில்தான் நொதிகள் கரைந்திருக்கின்றன. அதைக் கரண்டியால் மொண்டு பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். அடியில் தங்கிய மாவை நன்றாகக் கொதிக்கவிட்டு, 65 டிகிரிக்கு ஆறியதும் தெளிநீரைத் திரும்ப ஊற்ற வேண்டும். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி கொஞ்ச நேரத்தில் நீர்த்து, ரசம்போல் வழியத் தொடங்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்துப் பார்க்கட்டும். கருநீலமானால் மாவு இன்னும் மிச்சம். பழுப்பாகவே நின்றால் வேலை முடிந்தது. அந்தச் சொட்டைக் கொட்டிவிட வேண்டும்.

கேழ்வரகு பங்கைக் கூட்டச் சொல்லுங்கள். சோள மால்ட்டைவிட அதில் நொதிவீரியம் அதிகம். வடிகட்டும்போது அடைத்துக்கொண்டால், கழுவிய நெல் உமி இரண்டு கைப்பிடி சேர்க்கலாம்.

கேள்வி: நிறம் வர எல்லாத் தானியத்தையும் வறுக்க வேண்டுமா? (மேலூர் வாசகர்)

வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும். கருக வறுத்த தானியத்தில் நொதி மிஞ்சாது. அது நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டுமே. இரும்புச் சட்டியில் சிறுதீயில், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை கைவிடாமல் கிளறுங்கள். புகை நெடி அடங்கச் சில நாள் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கோதுமை சேர்க்கவில்லை என்றால் குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) இல்லை என்றுதானே பொருள்? (மதுரை வாசகி)

அப்படி இல்லை, அம்மா. கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகையும் அரைத்தால் எல்லாம் வீண். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தரம். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிக்காக என்றால் வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். பீர் காய்ச்சுவோர் ஈஸ்ட்டையும் பார்த்து வாங்க வேண்டும். திரவ ஈஸ்ட் பெரும்பாலும் பார்லிச் சாற்றில் வளர்க்கப்படுவது.

இன்னொன்றும் முக்கியம்: சோள முளையில் சயனைடு தரும் பொருள் உண்டு. காயவைத்த பின் முளையையும் வேரையும் தேய்த்துப் புடைத்து எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.