காசநோய்க்கு 'காற்று மாற்றம்' உண்மையில் பலன் தந்ததா?

காற்று மட்டும் யாரையும் குணப்படுத்தவில்லை. ஆனால் போன இடத்தில் கிடைத்த ஓய்வும் நல்ல சாப்பாடும் சிலருக்கு உதவியிருக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர்கள் பரிந்துரைத்தது வெப்பமான இடங்களை: இத்தாலி, மதேரா தீவு. காசநோயால் அவதிப்பட்ட ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1820 செப்டம்பரில் லண்டனிலிருந்து கப்பல் ஏறினார். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் கப்பலிலேயே தனிமைப்படுத்தல். ரோம் போய்ச் சேர்ந்தபின் மருத்துவர் ரத்தத்தை வடித்தார். உணவு நாளுக்கு ஒரு சிறு மீனும் ஒரு துண்டு ரொட்டியும் என்று குறைந்தது. 1821 பிப்ரவரியில் இறந்தார். ஏற்கெனவே உருக்குலைந்த உடலுக்கு இந்தப் பயணமே கொடுமை.

1850களில் ஜெர்மன் மருத்துவர் பிரேமர், அன்றைய பிரஷ்யாவின் சைலீசியாவில் மலைச் சிகிச்சை இல்லம் (சானடோரியம்) தொடங்கியபின் போக்கு மாறியது. பிறகு சுவிட்சர்லாந்தின் மலை ஊரான டாவோஸ் புகழ்பெற்றது. பனிக்காலத்திலும் திறந்த பால்கனியில், கம்பளி போர்த்தி மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உணவோ வயிறு நிறைய. இருமுபவரை வீட்டாரிடமிருந்து பிரித்ததால் தொற்று குறைந்திருக்கும், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பணக்காரர்களும் ஆரம்பநிலை நோயாளிகளுமே அதிகம் சேர்ந்த இல்லங்களின் 'குணமானோர்' கணக்கை அப்படியே நம்ப முடியாது.

உறுதியான விடை சென்னையில் கிடைத்தது. 1950களின் பிற்பகுதியில் 193 நோயாளிகளை வீட்டிலும் சானடோரியத்திலுமாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த சத்துணவோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே தேறினார்கள். வேலை செய்தவை மாத்திரைகள்.