கொழுந்து நிறம் மாறுவதற்கும் சைற்றோகுரோமுக்கும் தொடர்பு உண்டா?

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தங்கச்சியின் கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் கசங்கிய கொழுந்து செம்பு நிறமாவது சைற்றோகுரோம் பி450 நொதியத்தாலா? அதனால் வேறென்ன பயன்?

இல்லை, அது பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற வேறு நொதியத்தின் வேலை. பி450 என்பது மூலக்கூறுகளில் ஒட்சிசனைச் சேர்க்கும் ஒரு நொதியக் குடும்பம். அது அதற்கு முன்பே, செடியில் இருக்கும்போதே, கற்றெச்சின்கள் என்ற தேயிலைச் சேர்வைகளின் முன்னோடிகளில் ஐதரொட்சில் (OH) கூட்டங்களைச் சேர்த்துவிடும். பிளேன்ரீயின் துவர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம். குடித்தபின் கபீனைச் சிதைப்பதும் பெரும்பாலும் ஈரலிலுள்ள இன்னொரு பி450தான்!

பயன் என்றால், எனக்குப் பிடித்தது மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின். 2006இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் அம்மருந்து கிடைக்கும் மூலிகையின் பி450 மரபணுவை மதுவத்தில் புகுத்தி, மருந்தின் முன்னோடி அமிலத்தை எடுத்தார்கள். ஆனால் பி450 தனியே ஓடாது. இலத்திரன் கொடுக்க ரிடக்டேஸ் என்ற துணைப் புரதமும் வேண்டும். மதுவத்துக்குள் அதையும் சேர்த்தே அனுப்பினார்கள். சில பக்டீரியாக்களில் இரண்டும் ஒரே புரதமாக இருப்பதால், ஆய்வுகூடத்தில் அவற்றுக்குத் தனி மவுசு.