பிளானை மாற்றினால் தாளம் சேருமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழு. கீபோர்டு வாசிக்கும் தம்பி ராமநாதபுரத்தில், இரண்டு பேர் சென்னையில், ஒரு அண்ணன் துபாயில். வீடியோ காலில் ஒத்திகை பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகும் என்கிறார் இணைப்புக் கொடுத்தவர். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் போகும் என்ற கணக்கு, உங்களுக்குத் தேவை அது எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பது. பாட்டுச் சத்தத்துக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாராளம்.

கோயிலுக்குள் சேர்ந்து பாடும்போதும் தாமதம் உண்டு. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். 25, 30 மில்லி விநாடி வரை காது சமாளிக்கும், அதற்கு மேல் போனால் பாடுகிறவர் கீபோர்டுக்காகக் காத்திருப்பார், கீபோர்டுக்காரர் பாடுகிறவருக்காகக் காத்திருப்பார், பாட்டு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். வீடியோ கால் செயலிகளில் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு அவை பேச்சுக்காகச் செய்தவை என்பதால், எதிரொலியை அடக்கப் போய் ஒரு குரல் வரும்போது இன்னொன்றை அமுக்கிவிடும்.

முதலில் கணினியில் ஜாமுலஸ் அல்லது சோனோபஸ் போட்டுப் பாருங்கள், இரண்டும் இலவசம், இசைக்காகவே செய்தவை. அப்புறம் வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து நேராக லேன் வயர் இழுங்கள். வைஃபையில் தாமதம் ஒரே அளவில் நிற்காது, ஏறி இறங்கும், அதனால்தான் சத்தம் வெட்டி வெட்டி வருகிறது. கடையில் கேட்கும்போது முழுத் தாமிர வயர் என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு கொடுத்ததும் அதே பெயரில் விற்கிறது. நம் உப்புக் காற்றுக்கு முனையில் இருக்கும் பித்தளை நிறப் பற்களில் பச்சை படியும். படிந்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், முழு வயரையும் மாற்ற வேண்டாம்.

ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, அது மட்டுமே 100, 200 மில்லி விநாடி தின்றுவிடும். வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். இவ்வளவுக்கும் பிறகு கையில் பணம் இருந்தால் ஒரு ஆடியோ இன்டர்பேஸ் (கீபோர்டு, மைக் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி), அதுவும் முதலில் கீபோர்டு தம்பிக்கு மட்டும். விண்டோஸ் கணினி என்றால் சத்தத்தின் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் என்ற மென்பொருள் அதனுடனேயே வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சென்னை தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, கண்ணாடி இழையில் ஒளி அங்கே போக மூன்று நான்கு மில்லி விநாடிதான். துபாய் அண்ணனை மட்டும் நேரடியாகத் தாளத்தில் சேர்க்க முடியாது. எந்தப் பிளான் போட்டாலும் கடலடிக் கேபிளின் தூரம் குறையாதே! கீபோர்டையும் பாட்டையும் இங்கே பதிவு செய்து அனுப்புங்கள், அவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் குரலைப் பாடித் திருப்பி அனுப்பட்டும். ஒத்திகையில் கூடவே இருக்க ஆசைப்பட்டால் மைக்கை அணைத்துவிட்டு, வருகிற சத்தத்தோடு பாடிப் பழகலாம்.

இப்போது வீட்டில் இருப்பது மொபைல் டேட்டாவோ பழைய தொலைபேசி வயர் இணைப்போ என்றால் மட்டும் ஃபைபருக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் அங்கே இருப்பதிலேயே குறைந்த பிளானை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், நீங்கள் ஒத்திகை பார்க்கும் அதே ராத்திரி நேரத்தில் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வருடக் கட்டணத்தை யோசிக்கலாம்.