சரிவு மனையில் மூன்று தலைமுறைக்கு ஒரு வீடு: கேள்வி பதில்

நீலகிரியில் குறுகிய, சரிவான மனைகளில் வீடு கட்டவிருப்போரின் கேள்விகளுக்குக் கட்டடப் பொறியாளர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பட்டா, பாகப்பிரிவினை போன்றவற்றை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (குன்னூர், வங்கி ஊழியர்): சாலையிலிருந்து கீழே இறங்கும் மனை, ஐயா. அகலம் 22 அடி, நீளம் 118 அடி. நான்கு அடிக்கு ஓர் அடி இறக்கம். அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்களுடன் கல்லூரி செல்லும் மகனும் இருக்கிறான். நான்கு நான்கு அடியாக இறங்கும் மூன்று தளங்களுடன் வரைபடம் தந்திருக்கிறார்கள். இது சரிதானா?

பதில்: தாளில் அழகாக இருக்கும். ஆனால் நான்கு அடி இறக்கம் என்றால் ஆறு அங்குலப் படிகள் எட்டு. உங்கள் அம்மா சமையலறைக்குப் போக எட்டு, குளியலறைக்குப் போக இன்னொரு எட்டு என்று நாள் முழுவதும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சாய்தளம் அமைக்கலாம் என்பார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் நான்கு அடி இறங்க 48 அடி நீளம் வேண்டும், அந்த நீளத்தில் உங்கள் வீடே முடிந்துவிடும்.

நான் செய்வது வேறு. சாலை மட்டத்திலேயே ஒரு தளத்தை 48 அடி நீளத்துக்குப் படியே இல்லாமல் சமமாக ஓடவிட்டு, பெற்றோரின் படுக்கையறை, குளியலறை, சமையலறை, கூடம் ஆகிய நான்கையும் அதிலேயே வைப்பேன். வாசலுக்கும் சாலைக்கும் இடையே சிறிய கான்கிரீட் பலகை ஒன்று பாலம்போல் இருந்தால் போதும். தளத்தின் கடைசி முனையில் தரை 12 அடி கீழே போயிருக்கும். அந்த முனையில், தளத்துக்குக் கீழே கிடைக்கும் இடத்தில் உங்களுக்கும் மகனுக்கும் அறைகள், பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னல்களோடும் தனி வாசலோடும் அமையும். மண்ணை வெட்டுவதும் குறைவு, நிரப்புவது அறவே இல்லை.

இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சாலைப் பக்கத்துத் தூண்கள் குட்டையாகவும் பள்ளப் பக்கத்துத் தூண்கள் நெட்டையாகவும் இருக்கும். நில அதிர்வில் குட்டைத் தூண்களே அதிக விசையை வாங்கி முதலில் உடையும். நீலகிரி மூன்றாம் நில அதிர்வு மண்டலமாக (நடுத்தர அபாயம்)க் கணக்கிடப்பட்டு வந்த பகுதி. ஆகவே குட்டைத் தூண்களில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளை முழு உயரத்துக்கும் நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். இங்கே கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. சரிவில் அதை எங்கிருந்து அளப்பார்கள் என்பதை அனுமதி தரும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு வரைபடத்தை முடியுங்கள்.

கேள்வி (கேத்தி): வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் தாத்தா பாட்டிக்கு ஓர் அறை போடலாமா?

பதில்: கூடாது. கொட்டிய மண் பல மழைக்காலங்களுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும். அடித்தளம் கலையாத இயற்கை மண்ணில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி (கோத்தகிரி, ஓய்வுபெற்ற எஸ்டேட் மேற்பார்வையாளர்): மண் சரியாமல் தாங்கும் பத்தடித் தடுப்புச் சுவருக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்தான் வேண்டும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர்கள் சிமெண்டே இல்லாமல் நிற்கின்றன. இது செலவை ஏற்றும் வேலைதானே?

பதில்: அந்தச் சுவர்கள் ஏன் நிற்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இடுப்பளவு உயரம், மலைப்பக்கம் சாய்ந்த முகம், கல்லுக்குக் கல் இடைவெளி. சிமெண்ட் இல்லாததே அவற்றின் பலம். மழை நீர் பின்னால் தேங்காமல் ஒவ்வொரு இடுக்கிலும் வடிந்துவிடுகிறது. உயரம் இரட்டிப்பானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்காகும். ஐந்தடியில் நிற்பதைப் பத்தடிக்கு உயர்த்தினால் அது வேறு சுவர்.

அவரே மீண்டும்: அப்படியானால் அதே கல்லைச் சிமெண்ட் வைத்து இறுக்கிக் கட்டினால் பத்தடி தாங்காதா?

பதில்: அதைத்தான் அஞ்சுகிறேன். சிமெண்ட் பூசி இடுக்குகளை அடைத்தால் நீர் பின்னால் நிற்கும். மண்ணின் தள்ளலோடு நீரின் தள்ளலும் சேர்ந்து சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நம் செம்மண் ஆழமாகச் சிதைந்த பாறையிலிருந்து வந்தது. நீர் ஊறினால் பிடிப்பை இழந்துவிடும்.

கேள்வி (அருவங்காடு): மேற்பார்வையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்தடியை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு இரண்டு கல்சுவர் கட்டினால்?

பதில்: நல்ல யோசனை, நானும் இதையே விரும்புவேன். ஆனால் இரண்டு சுவர்களுக்கும் இடையே போதிய தூரம் இல்லாவிட்டால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவர்மேல் விழுந்து, மறுபடி பத்தடிச் சுவராகிவிடும். இடமில்லாத மனையில் கான்கிரீட் தவிர வழியில்லை. எதைக் கட்டினாலும் பின்னால் ஜல்லி நிரப்பி, வடிதுளைகள் விடுங்கள். துளையில் தெளிந்த நீர் சொட்டினால் ஜல்லி வடிகட்டியாக வேலை செய்கிறது. சேற்று நீர் வந்தால் சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணே கரைந்து போகிறது என்று பொருள்.

மேற்பார்வையாளர்: எங்கள் சுவர் ஒன்றில் தேயிலை வரிசைக்குக் கீழே புடைப்புத் தெரிகிறது. அதன்மேல்தான் பேரன் வீடு கட்டப் போகிறான். கட்டலாமா?

பதில்: புடைத்த சுவரின்மேல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். புடைப்பின் இரு ஓரத்திலும் சிமெண்ட் பொட்டு வைத்து, நூல் பிடித்து அளந்து வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து மீண்டும் அளந்தால் அது நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பது தெரியும். நகர்ந்தால் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

கேள்வி (ஊட்டி): தடுப்புச் சுவரையே படுக்கையறைச் சுவராக வைத்துக்கொண்டால் இடம் மிச்சமாகுமே?

பதில்: இடம் மிச்சமாகும், அறை முழுக்க ஓதமும் பூஞ்சையும் வரும். முதியவர்களை அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள். இரண்டரை அடி இடைவெளி விட்டு, அடியில் வாய்க்கால் ஓட்டுங்கள்.

கேள்வி (குன்னூர்): செப்டிக் டேங்க் வாஸ்துப்படி தென்மேற்கில் வரக்கூடாதாமே?

பதில்: வாஸ்து என் துறையன்று. டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி மட்டும் தடுப்புச் சுவருக்கு மேலே வரக்கூடாது. மண்ணுக்கு நாமே நீர் ஊற்றிக் கொடுப்பதாகும்.

கேள்வி (எல்லநள்ளி): ஜேசிபி ஒரே நாளில் முடித்துவிடும் என்கிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழே கொட்டினால் அங்கே ஒரு கார் நிறுத்துமிடமும் கிடைக்கும்.

பதில்: கேத்திக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் வெட்டினால் பக்கத்து மனைக்காரரின் அடித்தளம் அந்தரத்தில் நிற்கும். தையிலிருந்து பங்குனி வரை உலர்ந்த மாதங்களில் பகுதி பகுதியாக வெட்டி, ஒரு பகுதியில் சுவர் எழும்பிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இங்கே மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி (கேத்தி): நிரப்பிய மண்ணை ரோலர் விட்டு அமுக்கினாலும் கூடாதா, ஐயா?

பதில்: கூடாது, ஐயா. வீட்டுக்குக் கூடாது. பூச்செடி வையுங்கள்.