கையைப் பிசையுற சர்ஜன், போன் பண்ற சர்ஜன்: டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், ஜெனரல் சர்ஜரி கடைசி வருஷம் படிக்கிறேன். லாப்ராஸ்கோபில பித்தப்பை, குடல்வால் எல்லாம் அசால்ட்டா எடுத்துடுவேன். ஆனா ஆக்சிடென்ட்ல வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுற கேஸ்ல ரிட்ராக்டர் (வெட்டின இடத்த விரிச்சுப் பிடிக்கிற கருவி) பிடிச்சு நின்னதோட சரி. அடுத்த வருஷம் நைட் டூட்டில நான்தான் சீனியர், நினைச்சாலே வயித்தக் கலக்குது. எனக்கு மட்டும்தான் இப்படியா? (பெயர் வேண்டாம்)

பதில்: உனக்கு மட்டும் இல்ல தம்பி, உன் பேட்ச்ல பாதிப் பேர் இதச் சொல்லாம உள்ளயே வச்சுட்டிருப்பாங்க. இதுல உன் தப்பும் இல்ல. முன்னாடியெல்லாம் மண்ணீரல் கிழிஞ்சிருக்குன்னு சந்தேகம் வந்தாலே வயித்தத் திறந்துடுவோம். இப்போ சிடி ஸ்கேன் இருக்கு, பிபி இறங்காம நிக்குதுன்னா மண்ணீரல், கல்லீரல் காயத்துல பெரும்பாலானத ஐசியூல வச்சுப் பார்த்தே சரி பண்ணிடுறாங்க, கசியுற ரத்தக்குழாய ரேடியாலஜிஸ்ட் உள்பக்கமாவே அடைச்சுடுறாரு. பேஷன்ட்டுக்கு ரொம்ப நல்லது, படிக்கிற பையனோட கைக்குத்தான் நஷ்டம். போதாததுக்கு டூட்டி நேரமும் குறைஞ்சுடுச்சு, அமெரிக்கால 2003லேர்ந்து வாரத்துக்கு 80 மணி நேரம், ஐரோப்பால 48. பழையபடி ஆகணும்னு நான் சொல்லமாட்டேன், தூங்காம நின்னுட்டே ஆபரேஷன் பண்ண ஆளு நான், அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

இந்தக் குறைய ஓரளவு ஈடுகட்டத்தான் கோர்ஸ்கள் இருக்கு. ஏடிஎல்எஸ், அதாவது விபத்துல அடிபட்டு வர்றவங்கள முதல்ல எப்படிப் பார்க்கணும்ங்கிற கோர்ஸ், எல்லா டாக்டருக்கும் தெரியும். 1976ல அமெரிக்காவோட நெப்ராஸ்கால ஒரு எலும்பு டாக்டர் ஓட்டிட்டுப் போன சின்ன விமானம் வயல்ல விழுந்துச்சு, மனைவி அங்கயே இறந்துட்டாங்க, அடிபட்ட பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரில கிடைச்ச வைத்தியத்தப் பார்த்து அவர் நொந்துபோனதுலதான் அது பிறந்துச்சு. 1978ல முதல் கோர்ஸ், 1980ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் எடுத்துக்கிச்சு. ஆனா ஏடிஎல்எஸ் சொல்லிக் குடுக்குறது எத முதல்ல பார்க்கணும், எத அடுத்துப் பார்க்கணும்ங்கிற வரிசையத்தான், கத்திய எப்படிப் பிடிக்கணும்னு இல்ல. அதுக்கு டிஎஸ்டிசி, அசெட்னு விபத்துக் காய ஆபரேஷன் கோர்ஸ்கள் தனியா இருக்கு. அசெட்ல கேடவர்லயே (இறந்தவங்க உடல்ல) பெரிய ரத்தக்குழாய்க்கு எந்த வழியா போறதுன்னு பண்ணிப் பார்க்க வைப்பாங்க. வாய்ப்பு கிடைச்சா விட்டுடாத.

இப்போ அந்த ராத்திரிக்கு வருவோம். நடுக்கோட்டுல திறந்த உடனே ரத்தம் பொங்கி வரும், ஒண்ணுமே தெரியாது. அப்போ எங்கேர்ந்து வருதுன்னு சக்‌ஷன வச்சுத் தேடிட்டிருந்தா நேரம்தான் போகும். உறைஞ்ச ரத்தக் கட்டிகள கையால வழிச்சு எடு, வயித்தோட நாலு மூலைலயும் துணி பேட் வச்சு அமுக்கு, அனஸ்தீசியா டாக்டர்கிட்ட "நான் பிடிச்சுட்டேன், நீங்க ரத்தம் ஏத்துங்க"ன்னு சொல்லிட்டு நில்லு. சும்மா நிக்கிறது கஷ்டம்டா, ஆனா நிக்கணும். கல்லீரல்னா பிளந்தத ரெண்டு உள்ளங்கையால சேர்த்து அழுத்தி, சுத்தி பேட் வச்சு அடைச்சுப் பேக் பண்ணு, அப்பவும் நிக்கலன்னா கல்லீரலுக்குப் போற குழாய்க் கொத்த விரலுக்கு நடுவுல பிடிச்சுக்கோ. பிரிங்கிள்னு ஒருத்தர் 1908லயே எழுதி வச்சது, இன்னைக்கும் அதேதான். அதுக்கப்புறமும் பின்னாடியிலேர்ந்து ரத்தம் வந்தா பெரிய சிரையில காயமா இருக்கலாம், அங்க ஹீரோ ஆகப் பார்க்காத, திரும்பப் பேக் பண்ணிட்டு ஆளக் கூப்பிடு.

அப்புறம் எல்லாத்தையும் அன்னைக்கே அழகா முடிக்கணும்னு நினைக்காத. உடம்பு சில்லிட்டு, ரத்தத்துல அமிலம் ஏறி, ரத்தம் உறையாமப் போற மூணும் சேர்ந்துட்டா நீ போடுற தையல் நல்ல தையலா இருந்தும் பேஷன்ட் போயிடுவாரு. ரத்தத்த நிறுத்து, குடல் ஓட்டைய அடை, வயித்த தற்காலிகமா மூடி ஐசியூக்கு அனுப்பு, உடம்பு சூடானதும், ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி உள்ள போ. இதுக்கு டேமேஜ் கன்ட்ரோல்னு 1993ல பேர் வச்சாங்க. பாதில நிறுத்துறதுதான் நம்ம ஆளுங்களுக்குக் கத்துக்க ரொம்ப கஷ்டமான ஆபரேஷன்.

பயமா இருக்குன்னு சொன்னல்ல, கோர்ஸ் முடிச்ச அன்னைக்கு தைரியம் எவ்வளவுன்னு கேக்குற ஃபார்ம்ல எல்லாரும் பத்துக்கு ஒம்போதுன்னு டிக் அடிப்பாங்க. சில மாசத்துல கை மறந்துடும், அந்த ஒம்போது மட்டும் மனசுல நிக்கும். எனக்கு பயம் அவங்கள நெனச்சுதான், உன்ன நெனச்சு இல்ல. ஒரு வழி சொல்றேன்: மூளைச்சாவு அடைஞ்சவங்க உடல்லேர்ந்து உறுப்பு எடுக்குற டீம் வந்தா கெஞ்சியாவது கூட நில்லு. பெரிய தமனி, பெரிய சிரை ரெண்டையும் அவ்வளவு தெளிவா வேற எங்கயும் பார்க்க முடியாது.

கேள்வி: என் தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட். ஆபரேஷன் நடுவுல அந்த இளம் டாக்டர் சீனியருக்கு போன் போட்டு வரச் சொன்னாராம். தம்பி பொழச்சுட்டான். ஆனா சொந்தக்காரங்க "அவன் உன் தம்பிய வச்சு தொழில் பழகிருக்கான்"ங்கறாங்க. மனசு கேக்கல.

பதில்: அம்மா, போன் பண்ணத நெனச்சு நிம்மதியா இருங்க. ரத்தம் கொட்டும்போது சர்ஜனோட கண்ணு அந்த ஒரு ஓட்டையிலயே போய் மாட்டிக்கும், இன்னும் ஒரு தையல் போட்டா நின்னுடும்னே தோணும், கடிகாரம் ஓடுறது தெரியாது. அந்த நேரத்துல தலையத் தூக்கி "சாரக் கூப்பிடுங்க"ன்னு சொல்லத் தெரிஞ்சவன் பழகினவன்தான். எனக்கு நரைச்சு ரொம்ப நாளாச்சு, நானும் இன்னும் கூப்பிடுறேன். ஒரு ஜோடி கை கூட வந்தா என்ன குறைஞ்சுடும்? சொந்தக்காரங்களுக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியில நின்ன அனுபவம் மட்டும்தானே.

கேள்வி: பொம்மைய வச்சு சிமுலேஷன் ட்ரெயினிங்னு சொல்றாங்களே, அதுல நிஜமாவே ஏதாவது வருமா சார்?

பதில்: கைக்கு ஓரளவுதான். வாய்க்கு நிறைய வரும். "யாராவது ரத்தம் கொண்டு வாங்கப்பா"ன்னு பொதுவா சொன்னா அஞ்சு பேர் நிக்கிற ரூம்ல ஒருத்தரும் நகரமாட்டாங்க, ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் போயிருப்பாருன்னு நினைப்பாங்க. ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிடணும், அவங்க "நாலு யூனிட், நான் போறேன்"னு திருப்பிச் சொல்லணும், வந்ததும் "வந்துடுச்சு"ன்னு சொல்லணும். இதுக்கு லட்சக்கணக்குல காசு போட்டு வாங்குற பொம்மை கூட வேணாம், காலி டேபிள் மேல ஒரு தலையணை போதும்.